மாதம் எவ்வளவு ஆகும்?

ஒரு கினி பிக்குக்குக் கடையில் சொல்லும் விலை சில நூறு ரூபாயில் தொடங்கிவிடும். அதைக் கேட்டு "இவ்வளவுதானா" என்று குழந்தை கையில் கொடுத்துக் கூட்டி வருகிறவர்கள்தான், நாலைந்து மாதம் கழித்து "யாராவது எடுத்துக்கிறீங்களா" என்று விசாரிக்கத் தொடங்குகிறார்கள். பிராணியின் விலை ஒரு தடவையோடு முடிந்துபோகும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் அது ஐந்திலிருந்து எட்டு வருஷம் வரை இருக்கும். அத்தனை நாளும் அதற்குப் புல் வேண்டும்.

கூண்டு, தண்ணீர் பாட்டில், ஒளிந்துகொள்ளப் பெட்டி ஆகியவற்றுக்கு ஆகும் முதல் செலவை முந்தைய அத்தியாயத்தில் பார்த்தோம். இங்கே பார்ப்பது வாங்கிய பிறகு மாதாமாதம் பையிலிருந்து போகிற பணம். எல்லாக் கணக்கும் வளர்ந்த இரண்டு கினி பிக்குகளுக்கு, ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு கிலோ எடை என்று வைத்துப் போட்டது. ஒன்றே ஒன்று வளர்த்தால் பாதிச் செலவில் முடியுமே என்று தோன்றும். இது கூட்டமாக வாழ்கிற பிராணி. தனியாக விட்டால் வாடிப்போகும். தவிர, துணி துவைக்கிற செலவும் வெயில் காலத்து மின்சாரமும் ஒன்றுக்கும் இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். கூடுவது தீனியும் வைத்தியமும் மட்டும்.

விலைகளைப் பற்றி ஒரு வார்த்தை. கீழே வரும் ரூபாய்கள் கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டவை. உங்கள் ஊர் விலையைப் பக்கத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டு படியுங்கள். கிலோவும் கிராமும் அவ்வளவாக மாறாது, விலைதான் மாறும்.

முதலில் 'ஜோடி'

கடையில் போய் "ஒரு ஜோடி கொடுங்க" என்று கேட்டால் ஆண் ஒன்றும் பெண் ஒன்றும் எடுத்துத் தருவார்கள். உங்கள் பட்ஜெட் அந்த இடத்திலேயே உடைந்துவிடும். பெண் நாலு வார வயதிலேயே சினை பிடிக்கக்கூடும். சினைக்காலம் 59 முதல் 72 நாள். ஒரு ஈற்றுக்கு இரண்டிலிருந்து நாலு குட்டி சாதாரணம். குட்டி போட்ட சில மணி நேரத்திலேயே தாய் மறுபடி இணை சேரத் தயாராகிவிடும் என்பதால், ஆணைப் பிரிக்காவிட்டால் அடுத்த ஈற்றும் அன்றைக்கே ஆரம்பமாகிவிடுகிறது. ஆண் குட்டிகளை மூன்று வாரத்தில் தாயிடமிருந்து பிரித்தாக வேண்டும். அதாவது இன்னொரு கூண்டு.

எனவே "இரண்டு பெண்" அல்லது "கூடவே வளர்ந்த இரண்டு ஆண்" என்று வாயைத் திறந்து கேளுங்கள். கடைக்காரர் பால் பார்த்துச் சொல்வது தவறிப்போவதும் உண்டு. வாங்கிய வாரமே கால்நடை மருத்துவரிடம் காட்டி உறுதி செய்துகொள்வது, இந்த அத்தியாயத்தில் சொல்லப்போகும் எல்லாச் சிக்கனங்களையும்விடப் பெரிய சிக்கனம்.

புல்: கை வைக்கக் கூடாத செலவு

கினி பிக் சாப்பிடுவதில் முக்கால் பங்குக்கு மேல் புல்லாக இருக்க வேண்டும். அதன் பற்கள் எல்லாமே, முன்பல் கடைவாய்ப்பல் உட்பட, ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். நார் நிறைந்த புல்லை மணிக்கணக்கில் அரைத்தால்தான் அவை தேயும். புல் குறைந்தால் கடைவாய்ப்பல் நீண்டு நாக்கைக் குத்தும், பிராணி சாப்பிடுவதை நிறுத்தும், குடல் ஓட்டம் நின்றுபோகும். மயக்க மருந்து கொடுத்துப் பல்லை ராவுவதற்கு ஆகும் செலவில் பல மாதப் புல் வாங்கிவிடலாம். அதனால்தான் சொல்கிறேன்: எதில் வேண்டுமானாலும் மிச்சம் பிடியுங்கள், புல்லின் அளவில் பிடிக்காதீர்கள். புல்லின் விலையில் பிடிக்கலாம். அதற்கு வழி இருக்கிறது.

ஒரு கிலோ எடையுள்ள கினி பிக் நாளுக்கு ஏறக்குறைய 60 கிராம் உலர்பொருள் சாப்பிடும். அதில் பெல்லட்டும் காய்கறியும் போக மீதி 40, 45 கிராம் புல்லிலிருந்து வர வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து மாதம் 2.7 கிலோ. இழுத்துப் போட்டு, மேலேயே படுத்து, மூத்திரம் போய் வீணாக்குவதையும் சேர்த்தால் 3 கிலோ உலர்புல் என்று வையுங்கள். எல்லாப் புத்தகமும் சொல்கிற திமோத்தி ஹே நம் ஊரில் விளைவதில்லை, குளிர்நாட்டுப் புல், இறக்குமதியாகத்தான் வருகிறது. கிலோ 700 ரூபாய் என்றால் மாதம் 2,100. இதைப் பார்த்துத்தான் பலர் புல்லைக் குறைத்துப் பெல்லட்டைக் கூட்டுகிறார்கள். அங்கேதான் வினை.

வேறு வழி, பச்சைப்புல். பச்சைப்புல்லில் நாலில் மூன்று பங்குக்கு மேல் தண்ணீர். ஆகவே ஒரு கிலோ உலர்புல்லுக்கு ஈடாக நாலு, நாலரை கிலோ பச்சைப்புல் வேண்டும். மாட்டுத் தீவனமாகப் பச்சைப்புல் கிலோ 10 முதல் 15 ரூபாய்க்குக் கிடைத்தால், உலர் கணக்கில் கிலோ 40 முதல் 70 ரூபாய்தான் ஆகிறது. எழுநூறு எங்கே, எழுபது எங்கே! அருகம்புல், கினியாப்புல் இரண்டும் நல்லவை. அருகம்புல்லைக் கோயில் வாசலில் பிள்ளையாருக்கு விற்கிற சின்னக் கட்டாக வாங்கினால் கட்டுப்படியாகாது. மொத்தப் பூ மார்க்கெட்டிலோ புல் அறுத்து வருகிறவரிடமோ சொல்லிவைத்தால் கட்டுப்படியாகும்.

இடம் இருந்தால் வளர்த்தும் கொள்ளலாம். கினியாப்புல் ஓரளவு நிழலைத் தாங்கும், தென்னந்தோப்பில்கூட வரும். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ (ஜிஜி) 3 என்ற ரகம் விவசாயிகளிடம் பரவலாக இருக்கிறது. தெரிந்த மாட்டுக்காரரிடம் நாலு வேர்க்கரணை கேட்டு வாங்கி மொட்டைமாடியில் பெரிய பைகளில் ஊன்றிவிட்டால், இரண்டு பிராணியின் தேவையில் ஒரு பகுதியாவது வீட்டிலிருந்தே கிடைக்கும். கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் இன்னும் மலிவு, ஆனால் அதில் ஆக்சலேட் அதிகம். எப்போதாவது கலந்து கொடுக்கலாம், அதையே முழுத் தீனி ஆக்க வேண்டாம். குதிரை மசாலும் அப்படித்தான்: சுண்ணாம்புச் சத்து மிகுதி. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கும் சினைப் பெண்ணுக்கும் சரி, வளர்ந்ததற்குத் தினமும் கொடுத்தால் சிறுநீர்ப்பையில் கல் வரும். கல்லை எடுக்க அறுவை சிகிச்சை.

வைக்கோல் மலிவாயிற்றே என்று கேட்பீர்கள். படுக்க, கொறிக்க, குடைந்து விளையாட வைக்கோல் போடலாம். புல்லுக்கு ஈடாக அதைக் கணக்கில் எழுதாதீர்கள், சத்து போதாது.

பச்சைப்புல்லில் இரண்டு எச்சரிக்கை. சாலையோரத்திலும் நாய் ஒதுங்கும் இடத்திலும் மருந்தடித்த வரப்பிலும் அறுத்த புல் வேண்டாம். புல்வெட்டும் இயந்திரம் நறுக்கித் தள்ளிய தூளும் வேண்டாம். சீக்கிரம் புளித்துப்போய் வயிற்றை உப்பவைக்கும். இதுவரை பச்சை சாப்பிடாத பிராணிக்கு ஒரு பிடியில் தொடங்கி இரண்டு வாரத்தில் கூட்டுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் புல் ஈரமாகவே வரும், காயவைக்க வழியிருக்காது, பூசணம் பிடிக்கும். அந்த இரண்டு மாதத்துக்கு மட்டும் உலர்புல்லைக் கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

என் யோசனை பாதிக்குப் பாதி. ஒன்றரை கிலோ உலர்புல் 1,050 ரூபாய். மீதிக்கு ஆறு, ஏழு கிலோ பச்சைப்புல் 100 ரூபாய். மொத்தம் 1,150. பச்சைப்புல் ஒருநாள் வராமல் போனாலும் கூண்டில் உலர்புல் இருக்கும் என்பது இதில் உள்ள நிம்மதி.

பெல்லட்

நாளுக்கு ஒன்றுக்கு அரைக்கால் கப், அதாவது 20 கிராம் போதும். இரண்டுக்கு மாதம் 1.2 கிலோ. கிலோ 400 என்றால் 480 ரூபாய்.

இங்கே பணம் இரண்டு விதமாக வீணாகிறது. முதலாவது, முயல் பெல்லட்டை "இதுக்கும் இதேதான்" என்று கொடுப்பது. முயல் வைட்டமின் சி-யைத் தன் உடம்பிலேயே தயாரித்துக்கொள்ளும். கினி பிக்கால் முடியாது, நம்மைப் போல. எனவே முயல் தீனியில் அதைச் சேர்ப்பதில்லை. உறையில் வைட்டமின் சி என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது, மலிவாக வருகிறதென்று பத்து கிலோ மூட்டை வாங்குவது. தயாரித்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் பெல்லட்டில் உள்ள வைட்டமின் சி பெரும்பகுதி போய்விடும். நம் ஊர்ச் சூட்டிலும் ஈரப்பதத்திலும் இன்னும் சீக்கிரம். தயாரிப்புத் தேதி பார்த்து, ஒரு மாதத்தில் தீர்கிற பொட்டலமாக வாங்குங்கள். விதையும் உலர்பழமும் கலர் கலரான உருண்டையும் கலந்த தீனி விலை கூடுதல், பிரயோஜனம் குறைவு. அதை வாங்கவே வேண்டாம்.

காய்கறிக்காரரும் சமையலறையும்

ஒரு கினி பிக்குக்கு ஒரு நாளைக்கு 10 முதல் 30 மில்லிகிராம் வைட்டமின் சி வேண்டும். கிடைக்காவிட்டால் ஸ்கர்வி: மூட்டு வீங்கும், நடக்கத் தயங்கும், முடி சொரசொரப்பாகும், ஈறில் ரத்தம் கசியும். இதற்குச் சொட்டு மருந்து விற்கிறார்கள். தண்ணீரில் கலக்கச் சொல்லும் மருந்து வெளிச்சம் பட்டுச் சில மணி நேரத்தில் வீரியம் இழக்கும். தண்ணீரின் ருசி மாறினால் பிராணி குடிப்பதையே குறைத்துவிடும். அந்தப் பாட்டிலுக்குக் கொடுக்கும் பணத்தில் குடைமிளகாய் வாங்கலாம். பச்சைக் குடைமிளகாயில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 80 மில்லிகிராம் உண்டு. ஒன்றுக்கு 30 கிராம், அதாவது நாலு விரல் நீளத் துண்டு ஒன்று, அன்றைய தேவையில் பெரும்பகுதியைத் தீர்த்துவிடும். மாதத்துக்கு 1.8 கிலோ, கிலோ 80 என்றால் 144 ரூபாய்.

குடைமிளகாய் விலை ஏறும் வாரங்களில் கொய்யா கைகொடுக்கும். கொய்யாவில் 100 கிராமுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. பழத்தில் சர்க்கரை உண்டு என்பதால் சுண்டைக்காய் அளவுத் துண்டு போதும். முருங்கைக்கீரையிலும் வைட்டமின் சி தாராளம், ஆனால் சுண்ணாம்பும் தாராளம். வாரத்தில் ஒருநாள், ஒரு சின்ன ஈர்க்கு.

நாளுக்கு ஒன்றுக்கு ஒரு கப், 100 கிராம் காய்கறி என்றால் இரண்டுக்கு மாதம் 6 கிலோ. இதில் பாதி உங்கள் குப்பைக்கூடையில் ஏற்கெனவே விழுந்துகொண்டிருக்கிறது. கொத்தமல்லிக் கட்டைப் பிரித்துப் பாருங்கள்: நுனி இலையை ரசத்துக்குக் கிள்ளிய பிறகு விரல் நீளத் தண்டுகள் அப்படியே மிஞ்சும், அடியில் மண் ஒட்டிய வேர். வேரை நறுக்கி எறிந்துவிட்டுத் தண்டை இரண்டு தண்ணீர் அலசி வைத்தால் அது இரண்டு பிராணிக்கும் சாயங்காலப் பலகாரம். ஃபிரிட்ஜ் கதவு திறக்கும் சத்தத்துக்கே 'வீக் வீக்' என்று கத்தத் தொடங்குவது இந்தத் தண்டுக்காகத்தான். வெள்ளரிக்காயின் முனைகள், முள்ளங்கியின் தழை, காரட்டின் தலை, காலிஃப்ளவரின் மேல் இலையில் ஒரு துண்டு, எல்லாம் ஆகும். மக்காச்சோளம் அவித்து விற்கிறவரிடம் கேட்டால் பச்சை மடலை ஒரு பை நிறையச் சும்மா தருவார். அவருக்கு அதைக் கொட்ட இடம் தேடும் வேலை மிச்சம். மடலும் அதன் நாரும் இவற்றுக்கு உயிர். வாடிப்போனது, வேகவைத்தது, உப்புக் காரம் பட்டது மட்டும் கூடாது.

வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு, தக்காளிச் செடியின் இலை, அவகாடோ ஆகியவை விஷம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். சோறு, பருப்பு, ரொட்டி, பிஸ்கட், பால் இவற்றுக்கான உணவே அல்ல. பாட்டி பாசத்தோடு ஊட்டுகிற மாரி பிஸ்கட்டைத் தடுப்பது வீட்டு ராஜதந்திரம். அதை உங்களிடமே விடுகிறேன்.

குடைமிளகாயும் சேர்த்து மாதம் 400 ரூபாய் என்று எழுதிக்கொள்ளுங்கள். காய்கறி நிறையச் சமைக்கிற வீடாக இருந்தால் இதிலும் குறையும்.

படுக்கை

மரத்தூளா, துணியா என்பது பழைய சண்டை. மர இழைப்பகத்தில் சும்மா கிடைக்கும் தூள் வேண்டாம். நுண்தூசி மூச்சுக்குழாயில் போகும், அது என்ன மரம், என்ன பூச்சு பட்டது என்றும் தெரியாது. கடையில் விற்கும் சீவலை வாரம் இரண்டு தடவை மாற்றினால் செலவு மாதாமாதம் ஏறிக்கொண்டே போகும்.

துணிதான் மலிவு. மேலே ஃப்ளீஸ் போர்வை, கீழே பழைய குளியல் துண்டு இரண்டு மடிப்பு. ஃப்ளீஸ் ஈரத்தைக் கீழே இறக்கிவிட்டு மேலே காய்ந்தே இருக்கும், ஆனால் புதிதாக வாங்கியதில் ஈரம் இறங்காது. மூன்று நாலு தடவை துவைத்த பிறகே போடுங்கள். துணி மென்மையாக்கும் திரவம் ஊற்றினால் மறுபடி இறங்காமல் போகும். இரண்டு செட் வைத்துக்கொண்டு நாலு நாளைக்கு ஒருமுறை மாற்றலாம். மெஷினில் போடுவதற்கு முன் முடியையும் புல்லையும் வெளியே நன்றாக உதறாவிட்டால் வடிகால் குழாய் அடைத்து, மெக்கானிக் வந்து போகும் செலவு இந்தப் பட்டியலில் சேரும். சோப்புத்தூள், தண்ணீர், கரண்டுக்கு மாதம் 200 ரூபாய். லாரித் தண்ணீர் வாங்குகிற தெருவாக இருந்தால் கோடையில் கூட்டிக்கொள்ளுங்கள்.

கத்திரி வெயில்

ஆண்டிஸ் மலையின் குளிரில் தோன்றிய பிராணி இது. 18 முதல் 24 டிகிரி செல்சியஸ் அதற்குச் சுகம். முப்பதை நெருங்கினால் ஆபத்து தொடங்குகிறது. நம் மே மாதம் நாற்பது. வியர்க்காத உடம்பு என்பதால் ஃபேன் காற்று நமக்குத் தரும் குளிர்ச்சியை அதற்குத் தராது.

இதற்கென்று தனியாக ஏசி ஓட்டினால் ஒன்றரை டன் இயந்திரம் மணிக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் இழுக்கும். பகலில் ஆறு மணி நேரம் என்றால் இரண்டு மாதத்தில் 360 யூனிட். தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை படிப்படியாக ஏறும் விகிதத்தில் வருவதால், இந்த 360 யூனிட்டும் ஏற்கெனவே உள்ள உபயோகத்தின் தலைமேல், விலை கூடிய படியில் போய் உட்காரும். புல்லுக்கும் பெல்லட்டுக்கும் சேர்த்து ஆவதை அது விழுங்கிவிடக்கூடும்.

அதனால் கூண்டை நகர்த்துங்கள். மேல்மாடி வீட்டில் கான்கிரீட் கூரைக்கு நேர் கீழே உள்ள அறையைவிடக் கீழ்த்தளத்து வடக்கு அறை பல டிகிரி குறைவாக இருக்கும். தரையில் மிஞ்சிய இரண்டு டைல்ஸ் துண்டு, ஃப்ரீசரில் உறையவைத்துத் துணி சுற்றிய தண்ணீர் பாட்டில், சன்னலில் நனைத்துத் தொங்கவிட்ட வெட்டிவேர்த் தட்டி, இவற்றால் பெரும்பாலான நாட்களைச் சமாளிக்கலாம். சமாளிக்க முடியாத உச்ச வெயில் நாட்களில் வீட்டார் இருக்கும் ஏசி அறைக்குள் அவற்றையும் கொண்டுபோய்விடுங்கள். கால் நீட்டிப் படுத்து வேகமாக மூச்சு வாங்கினால், வாயோரம் ஈரமாக இருந்தால், அது வெப்பத் தாக்கு. ஈரத்துணியால் குளிர்வித்துக்கொண்டே மருத்துவரிடம் ஓட வேண்டும்.

வைத்தியத்துக்கு ஓர் உண்டியல்

ஒவ்வொரு மாதமும் 500 ரூபாய் தனியாக எடுத்து வையுங்கள். செலவே இல்லாத மாதத்திலும் எடுத்து வையுங்கள். கினி பிக்கின் நோய் மெதுவாக வருவதில்லை. சொறிப்பூச்சி, பல், சிறுநீர்க்கல், பெண்ணுக்குச் சினைப்பைக் கட்டி என்று வரும்போது ஒரேயடியாக வரும். பன்னிரண்டு மணி நேரம் எதுவும் சாப்பிடவில்லை, புழுக்கை போடவில்லை என்றால் மறுநாள் சம்பளம் வரட்டும் என்று காத்திருக்க முடியாது.

நாய் பூனை பார்க்கிற எல்லா மருத்துவருக்கும் இதில் பழக்கம் இருக்காது. பிராணியை வாங்குமுன்பே போனில் கேட்டு ஒருவரை முடிவு செய்து வையுங்கள். சென்னை வேப்பேரியில் 1903-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு கல்லூரிகள் ஆகியவற்றின் மருத்துவமனைகளில் தனியார் கிளினிக்கைவிடச் செலவு குறைவு. காத்திருக்கும் நேரம் கூடுதல்.

மருத்துவர் கட்டணத்தை மிச்சம் பிடிக்க மெடிக்கல் ஷாப்பில் ஆன்டிபயாடிக் கேட்டு வாங்காதீர்கள். மனிதருக்கு சர்வசாதாரணமான அமாக்ஸிசிலின், பென்சிலின் வகை மருந்துகள் கினி பிக்கின் குடலில் உள்ள நல்ல பாக்டீரியாவைக் கொன்று, சில நாளில் பிராணியையும் கொன்றுவிடும்.

சமையலறைத் தராசு ஒன்று, 300, 400 ரூபாய், நான் கட்டாயம் வாங்கச் சொல்லும் ஒரே கருவி. வாரம் ஒருநாள் தராசின் மேல் ஒரு சின்ன எவர்சில்வர் பேசினை வைத்துப் பூஜ்யமாக்கி, பிராணியை உள்ளே உட்காரவைத்து, வாயில் ஒரு கொத்தமல்லித் தண்டைக் கொடுத்தால் அசையாமல் இருக்கும். எடையைக் காலண்டரில் எழுதுங்கள். ஒரு வாரத்தில் 50 கிராம் குறைந்தால் கவனியுங்கள், 100 குறைந்தால் கிளம்புங்கள். முன்கூட்டிப் பிடித்த நோய்க்கு உண்டியல் போதும். நகத்தை நம் நகவெட்டியாலேயே வெட்டிக்கொள்ளலாம், ரத்தநாளம் தெரியும் இடத்துக்கு முன்னால் நிறுத்திவிட வேண்டும்.

பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊருக்குப் போகிறவர்கள் பார்த்துக்கொள்ளும் ஆளுக்கு ஒரு தொகையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் சும்மாவே பார்த்துக்கொள்கிறேன் என்றாலும், தினசரிப் புல்லை நாள்வாரியாகப் பையில் கட்டிக் கொடுத்துவிட்டுப் போங்கள். "பாவம், பசிக்குமே" என்று அவர் இட்லி வைக்காமல் இருப்பார்.

கூட்டிப் பார்த்தால்

புல் 1,150. பெல்லட் 480. காய்கறி 400. படுக்கை 200. உண்டியல் 500. மொத்தம் 2,730 ரூபாய், வெயில் கால மின்சாரம் தனி. வருஷத்துக்கு 32,760. ஐந்து வருஷத்துக்கு, விலைவாசி ஏறாது என்று வைத்தாலும், 1,63,800. முழுக்க இறக்குமதிப் புல்லையே போடுகிறவருக்கு மாதம் 3,680.

இந்த எண்ணைக் குறைக்க வேண்டுமென்றால் எந்த வரிசையில் குறைப்பது? பச்சைப்புல்லின் பங்கைக் கூட்டுங்கள், காய்கறியைச் சமையலறை மிச்சத்திலிருந்து எடுங்கள், பொம்மை, கலர் குடில், கழுத்துப்பட்டை போன்றவற்றை வாங்காதீர்கள். ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி போதும். இவ்வளவும் செய்து பார்த்த பிறகும், உண்டியலுக்கு வைத்த 500-ஐ எடுத்தால்தான் கட்டுப்படியாகும் என்று கணக்கு சொன்னால், இப்போதைக்குக் கினி பிக் வாங்காதீர்கள். அடுத்த வருஷம் பாருங்கள். கடையில் அப்போதும் இருக்கும்.